முதல் பிரதி பெற்றுக்கொள்பவர்: சென்னையில் ஒரு புதன்கிழமை

போன புதன்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு செங்கல்பட்டிலிருந்து சென்னைக்குப் போய்வந்தேன். என் முதல் சிறுகதைத் தொகுப்பு வருகிறது. பதினொரு கதைகள், நூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஞாயிறு மாலை மயிலாப்பூரில் ஒரு சிறிய அரங்கில் வெளியீடு. அச்சகம், பதிப்பகம், அரங்கம், புத்தகக் கடை. நான்கையும் ஒரே நாளில் முடிக்க முடியுமா என்று இந்த வலைப்பூவைப் படிக்கும் இருவர் கேட்டிருந்தார்கள். முடியும். நான்தான் சரியாக முடிக்கவில்லை.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் வெளியீட்டு விழாக்களில் ஒருவர் நூலை வெளியிடுவார். இன்னொருவர் முதல் பிரதியைப் பெற்றுக்கொள்வார். அழைப்பிதழில் இரண்டு பெயர்களும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கும். பிறகு எல்லோரும் அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு புகைப்படத்துக்கு நிற்பார்கள். முதல் பிரதி பெறுகிறவர் பொதுவாக நாலு பேரைக் கூட்டி வரக்கூடியவராக இருப்பார். பதிப்பாளர் மணி அண்ணன் பத்து நாள் முன்பு தொலைபேசியில் கேட்டார்: "முதல் பிரதி யாரும்மா?" நான் யோசிக்காமல் ஜெசிந்தாவின் பெயரைச் சொன்னேன்.

ஜெசிந்தா என்னோடு எம்.ஏ. படித்தவள். இந்தப் புத்தகத்தின் முதல் ஆறு கதைகளை முதலில் படித்தவள். அவளோடு பேசி மூன்று வருடமாகிறது.

அச்சுக்குப் போகும் முன் கேட்டுவிடலாம் என்று இருந்தேன். தினமும் ஒரு செய்தியைத் தட்டச்சு செய்தேன். தினமும் அழித்தேன். அழைப்பிதழின் மெய்ப்பு திருத்தத்துக்கு வந்தது. அவள் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இல்லை. "சரி" என்று பதில் அனுப்பினேன்.

ஆக, என் பயணத் திட்டத்தில் ஐந்தாவதாக ஓர் இடம் இருந்தது. சாந்தோம், மாலை நான்கு மணி. அச்சாகிவிட்ட பெயரைக் கொண்டுபோய்ச் சம்மதம் கேட்பது. அவள் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்பதைத் திட்டத்தில் எழுதவில்லை.

காலை 7.10க்கு செங்கல்பட்டில் மின்சார ரயில். கட்டணம் இருபது ரூபாய். தாம்பரம் வரை உட்கார இடம் கிடைக்கும், பிறகு எழுந்தால் போய்விடும். 8.45க்கு எழும்பூர். அங்கிருந்து கூவம் பாலத்தைத் தாண்டி சிந்தாதிரிப்பேட்டைக்கு நடை, பதினெட்டு நிமிடம். ஆட்டோ வேண்டாம், தெரு முழுக்க மோட்டார் உதிரிபாகமும் கைவண்டியுமாக இருக்கும், நடப்பவர்தான் முன்னால் போவார். பாலத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அச்சகம் ஒரே அறை. அழைப்பிதழ்களைக் கட்டிக் கொடுத்த அச்சகத்துக்காரர், வயது ஐம்பது இருக்கும், ஒன்றை உருவி என் முன்னால் நீட்டினார்.

"ஒரு தபா பாத்துக்கோம்மா. போன மாசம் ஒருத்தர் வந்தாரு. 'தலைமை'ன்னு போட்டு மாமனார் பேரை வுட்டுட்டாரு. முந்நூறும் வேஸ்ட்டு. இங்கியே குந்திகினு அழுவறாரு."

"எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"சரியா கீதுன்னு எல்லாருந்தான் சொல்றாங்க. பேரு போட்டவங்களாண்ட ஓகே வாங்கிட்டியா?"

நான் அழைப்பிதழைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழவழப்பில்லாத தாள். கருநீல எழுத்து. முதல் பிரதி பெற்றுக்கொள்பவர். அதன் கீழே அவள் பெயர், எனக்குத் தெரிந்த எந்தக் கையெழுத்திலும் இல்லாமல்.

"வாங்கிடுவேன்" என்றேன்.

"வாங்கிடுவியா!" என்று உள்ளே திரும்பி யாரிடமோ சொல்லிச் சிரித்தார். "நல்ல ஆளும்மா நீ."

முந்நூறு அழைப்பிதழ், உறைகளோடு, மூன்று கிலோவுக்குக் குறையாது. அகலமான தோள்பட்டி உள்ள பை கொண்டுபோங்கள். என்னுடையது ஒல்லிப் பட்டி. இரண்டு நாள் தோளில் கோடு இருந்தது.

அண்ணா சாலை வரை நடந்து தி. நகருக்குப் பேருந்து. சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. முகப்பில் இளஞ்சிவப்பு இருக்கும். ஐந்தரை கிலோமீட்டர், நாற்பது நிமிடம். மெட்ரோ வேலைக்காக எங்கெங்கோ திருப்பி விடுகிறார்கள். ஜன்னல் வழியாக, படித்த காலத்தில் நானும் ஜெசிந்தாவும் நின்ற நிறுத்தங்களைத் தேடினேன். இரண்டு, தகரத் தடுப்புக்குப் பின்னால் போயிருந்தன. ஒன்று முழுதாக இருந்தது. பேருந்து அங்கே நிற்கவில்லை.

மணி அண்ணனின் பதிப்பகம் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், எவர்சில்வர் பாத்திரக் கடையின் மாடியில். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். கல்லாவில் வைக்க ஐந்து அழைப்பிதழ் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் படித்தார். திருப்பிப் பார்த்தார்.

"கல்யாணப் பத்திரிகைன்னுல்லா நெனச்சேன். மாப்ள பேரு எங்கன்னு தேடிக்கிட்டிருக்கேன்."

"புத்தக வெளியீடு அண்ணாச்சி."

"அதுக்கும் பத்திரிகை அடிக்காவளா? சரி, வைங்க. சாப்பாடு உண்டா?"

"டீயும் பிஸ்கட்டும்."

"டீக்கு யாரும்மா மயிலாப்பூர் வரைக்கும் வருவா?"

இந்தக் கேள்விக்கு விளம்பர உத்தி எதிலும் பதில் இல்லை.

மாடியில் வெள்ளைப் பலகையில் மணி அண்ணன் வாரத் திட்டத்தை எழுதி வைத்திருந்தார். புதன், சுவரொட்டி. வியாழன், வாட்ஸப் அழைப்பிதழ். வெள்ளி, எழுத்தாளர் பேசும் நாற்பது நொடிக் காணொளி. சனி, நினைவூட்டல். ஞாயிறு, நேரலை. அடுக்கி வைத்த புத்தகங்கள் மேஜை மேல் இருந்தன. ஈக்காட்டுத்தாங்கல் பைண்டிங் கூடத்திலிருந்து அன்று காலைதான் வந்த பிரதிகள், பசை வாசனையோடு. எனக்குப் பத்துப் பிரதியும் புத்தகக் கடைக்கு ஒரு சுவரொட்டியும் எடுத்து வைத்தார்.

முதல் பிரதியைக் கையில் வாங்கினால் அழுகை வரும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு வரவில்லை. பலகையில் வியாழன் என்ற வரியின் மேல் ஏற்கெனவே ஒரு குறுக்குக் கோடு இருந்தது.

"இது என்ன அண்ணா?"

"அதுவா, நேத்து சாயங்காலமே போட்டுட்டேன்மா. வியாழக்கிழமை வேற ரெண்டு பதிப்பகம் அழைப்பிதழ் விடறாங்க. அதுல நம்மது முங்கிப்போயிடும். நாப்பது குரூப்பு. சூடா போயிட்டிருக்கு."

"எல்லாப் பேரோடவும்?"

"பேரில்லாம அழைப்பிதழா?" நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். "ஆமா, யாரும்மா அந்த ஜெசிந்தா? எத்தனை ஃபாலோயர்ஸ்? நம்ம வீடியோ போடற தம்பி இருக்கானே, அவனைப் போட்டிருந்தா பதினெட்டாயிரம் பேர் பாத்திருப்பாங்க. நீ கேக்கல."

"அவங்க டீச்சர் அண்ணா."

"டீச்சர்னா நல்லதுதான். நூறு பிரதி ஸ்கூலுக்கு எடுப்பாங்களா?"

எடுக்கமாட்டார்கள் என்றேன். அவளுக்கே தெரியாது என்பதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். கிளம்பும்போது அவர் இன்னொரு வேலையும் கொடுத்தார்: "கடற்கரைப் பக்கம் போறேல்ல? படகு மேல புக்கை வச்சு ரெண்டு போட்டோ எடுத்துட்டு வா. ரீல்ஸுக்கு ஆகும். வெயில் சாஞ்சப்புறம் எடு."

12.20. பையில் இப்போது புத்தகங்களும் சேர்ந்துவிட்டதால் ஆட்டோ. பேருந்தில் போவதென்றால் 12பி மயிலாப்பூர் வழியாகப் போகும். ஓட்டுநர் இருநூறு கேட்டார்.

"செயலியில நூத்திப்பத்து காட்டுது அண்ணா."

"காட்டும் மேடம். அதுவா வந்து ஓட்டும்?"

நூற்றைம்பதுக்கு வந்தார். ஐந்து கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். வழியில் அவள் எண்ணுக்கு ஒருமுறை அழைத்தேன். எடுக்கவில்லை. வகுப்பில் இருப்பாள். அல்லது எண்ணைப் பார்த்திருப்பாள்.

அரங்கம் தெப்பக்குளத்திலிருந்து நான்கு தெரு தள்ளி, ஒரு பழைய சபாவின் மாடியில். எண்பது நாற்காலி, இரண்டு ஒலிவாங்கி, மின்விசிறி ஆறில் ஐந்து சுற்றும். வாடகை மூவாயிரம், ஐந்தரையிலிருந்து ஏழரை வரை. பார்த்துக்கொள்ளும் மாமா சாவியோடு வந்தார்.

"ஏழரைன்னா ஏழரை. போன வாரம் ஒருத்தர் ஏற்புரைன்னு ஆரம்பிச்சு ஒண்ணரை மணி நேரம் பேசிண்டே இருந்தார். ஆத்துல எனக்காகக் காத்துண்டிருக்கா. நான் மெயினை அணைச்சுட்டேன்."

"அப்புறம்?"

"இருட்டுலயும் பேசினார்" என்றார் மாமா. "அவா அவாளுக்கு ஒரு ஏக்கம்."

மேடையில் ஏறி நின்று பார்த்தேன். வெளியிடுபவர் இங்கே. பெற்றுக்கொள்பவர் இங்கே. இரண்டடி இடைவெளி. காலி நாற்காலிகள் எண்பதும் என்னைப் பார்த்தன. மாடவீதியில் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு, நூற்றிருபது. ரசம் நன்றாக இருந்தது என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். சுவை நினைவில் இல்லை.

இரண்டே கால். பள்ளி விட நேரம் இருந்தது. கச்சேரி சாலை வழியாக நடந்து நொச்சிக்குப்பம் போனேன். ஒன்றே முக்கால் கிலோமீட்டர். அந்த நேரத்தில் யாரும் போகாதீர்கள். அன்று கடற்காற்று இன்னும் எழவில்லை. சாலையோரம் குடைக்குக் கீழே மீன் விற்பவர்கள் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் அங்கே போனது புகைப்படத்துக்காக மட்டும் இல்லை. என் தொகுப்பில் முதலில் பன்னிரண்டு கதைகள் இருந்தன. எடுத்துவிட்ட பன்னிரண்டாவது கதை இந்த மணலில் நடக்கிறது.

ஜெசியின் அப்பா தேவாலயத்தின் பங்குப் பள்ளி ஒன்றில் எழுத்தராக இருந்தார். ஒரு ஜூன் மாதம் வேலை போயிற்று. வீட்டில் சொல்லவில்லை. எட்டு மாதம், தினமும் காலையில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, டிபன் டப்பாவோடு கிளம்பி, இங்கே வந்து படகு நிழலில் உட்கார்ந்திருப்பார். ஐந்து மணிக்கு வீடு. பத்தாம் வகுப்பு படித்த ஜெசி ஒருநாள் பள்ளிக்கு மட்டம் போட்டுத் தோழிகளோடு கடற்கரைக்கு வந்தபோது பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அவர் வேறு வேலைக்குப் போனார். பிறகு இறந்தும் போனார். அவள் அதைச் சொன்னது என்னிடம் மட்டும். நான் எழுதினேன். பெயரை மாற்றி, பதினான்கு பக்கம்.

"எடுத்துடு" என்றாள். "அம்மாக்குத் தெரியாது."

"பேரு மாத்திட்டேனே" என்றேன். அன்றோடு சரி.

போன வருடம் அந்தக் கதையை எடுத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. (இதையெல்லாம் இங்கே எழுத இப்போது அனுமதி இருக்கிறது. எப்படி என்பது பின்னால் வரும்.)

மீன் விற்ற அம்மா ஒருவர் நான் படகுகளுக்கு நடுவே நிற்பதைப் பார்த்துக் கூப்பிட்டார். "இன்னா கண்ணு, மீன் வாங்க வந்தியா, போட்டோ புடிக்க வந்தியா?"

"போட்டோதான்."

"புடிச்சிக்கோ. வெயில்ல நின்னுகினே இருக்க. மயக்கம் போட்டு வுழுந்தா நான்தான் தூக்கணும். சங்கரா கீது, வஞ்சிரம் கீது. இன்னா வோணும்?"

எதுவும் வாங்கவில்லை. புத்தகத்தை வெளியே எடுத்தேன். ஒரு படகின் விளிம்பில் வைக்கப் பார்த்தேன். வைக்க முடியவில்லை. உள்ளே ஜெசியின் அப்பா இல்லாத புத்தகத்தை, அவர் உட்கார்ந்த இடத்தில் வைத்து, காணொளிக்கு. பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன்.

பள்ளி சாந்தோம் பக்கம், பதினைந்து நிமிட நடை. நாலு மணிக்கு மணி அடித்தது. ஜெசிந்தா நாலேகாலுக்கு வந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். மூன்று வருடம் முன்பு கண்ணாடி கிடையாது.

"காலையில ஹெச்.எம். சிஸ்டர் கூப்பிட்டாங்க" என்றாள். வணக்கம், எப்படி இருக்கே, எதுவும் இல்லை. "கங்க்ராட்ஸ் மிஸ், ஸ்டேஜ்ல எடுக்கற போட்டோவை ஸ்கூல் குரூப்ல போடுங்கன்னாங்க. எதுக்கு சிஸ்டர்னு கேட்டேன். போனைக் காட்டுனாங்க. என் பேரை நான் அவங்க போன்லதான் பாத்தேன்."

"கேக்கணும்னுதான் வந்தேன் ஜெசி."

"அச்சடிச்சு எடுத்துட்டு வந்து கேக்கற."

பை தோளில் இருந்தது. மறைக்க வழியில்லை.

"அன்னிக்கும் எழுதி முடிச்சுட்டுத்தான் காட்டுன. இன்னிக்கும் அதேதான். எதையுமே முன்னாடி கேக்க வராதா உனக்கு?"

"அந்தக் கதை இதுல இல்ல. எடுத்துட்டேன்."

அவள் கையை நீட்டினாள். புத்தகத்தைக் கொடுத்தேன். பொருளடக்கத்தை மட்டும் பார்த்தாள். விரலால் பதினொன்றையும் எண்ணினாள். மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

"சிஸ்டர் அம்மாக்கும் அனுப்பிட்டாங்க. நாலு தடவை போன் வந்தாச்சு. புக்கு வந்துடுச்சாமே, எங்கேன்னு. வீட்டுக்கு வந்து நீயே சொல்லு. அப்பாவைப் பத்தி வாயே திறக்காதே."

அவர்கள் வீடு சாந்தோம் தேவாலயத்துக்குப் பின்னால் இரண்டாவது தெரு. அவர்கள் குடும்பம் எத்தனையோ தலைமுறையாக அதே பங்கில். ஆன்ட்டி, அவள் அம்மா, ஓய்வுபெற்ற ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார்.

"கொண்டாந்தியா?"

கொடுத்தேன். முன்னட்டை, பின்னட்டை, என் பெயர், விலை, எல்லாவற்றையும் பார்த்தார். மின்விசிறிக்குக் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உக்காரு. படிச்சிடறேன்."

"அது உங்களுக்குத்தான் ஆன்ட்டி. நிதானமா படிங்க."

"நிதானமாத்தான் படிக்கப்போறேன். நீ உக்காரு."

முதல் பக்கத்திலிருந்து படித்தார். விடைத்தாள் திருத்தும் வேகம். மணி நாலு நாற்பது. அடையாறு புத்தகக் கடையில் ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். ஐந்தரைக்கு ஜெசி தேநீர் கொண்டுவந்தாள். என் குவளையை என் பக்கம் பாராமல் வைத்தாள். ஆனால் சர்க்கரை போடவில்லை. நான் சர்க்கரை போடாமல் குடிப்பேன்.

ஒருவர் நம் புத்தகத்தை நம் கண்ணெதிரில் முழுதாகப் படிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வேண்டாம். இரண்டு இடத்தில் சிரித்தார். எங்கே என்று கேட்கத் தைரியம் வரவில்லை. வெளிச்சம் குறைந்தபோது எழுந்து விளக்கைப் போட்டு மறுபடி உட்கார்ந்தார். ஜெசி சமையலறை வாசலில் நின்றாள். நாங்கள் மூன்று பேரும் ஒரு மனிதரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஏழு மணிக்குச் சில நிமிடம் இருக்கும்போது கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பின்னட்டையின் உட்புறத்தைக்கூடப் பார்த்தார், அங்கே ஏதாவது இருக்குமோ என்பதுபோல.

"எங்க வீட்டுக்காரர் இதுல இல்லையே?"

"இல்ல ஆன்ட்டி."

"பீச்சுல போய் உக்காந்தாரே. அதை நீ எழுதியிருக்கேன்னுல்ல நெனச்சேன்."

சமையலறை வாசலில் ஒரு தட்டு விழுந்தது. எவர்சில்வர். அது நிற்கும்வரை ஆன்ட்டி காத்திருந்தார்.

"அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் இந்த ரூம்ல கத்தினது எனக்குக் கேக்காதா?"

"அம்மா, உங்களுக்குத் தெரியுமா?" ஜெசியின் குரல் அவளுடையதாக இல்லை.

"டிபன் டப்பா கழுவறவளுக்குத் தெரியாம இருக்குமா? அடுக்குல தினமும் மணல். ஸ்கூல் ஆபீஸ்ல ஏது மணல்? அப்புறம் வாரத்துல ரெண்டு நாள் மீன் கொண்டு வருவார். விலைக்கு வாங்கினேம்பார். சம்பளமே வரல, கடன் வாங்கிக் குடுத்துட்டிருக்கார், மீன் எங்கேருந்து? யாரோ சும்மா குடுக்கறாங்கன்னா இவர் அவங்களுக்கு ஏதோ குடுக்கறார்னுதானே? சோத்தைத்தான் குடுக்கறார்னு புரிஞ்சுது. அதுலேர்ந்து ரெண்டு பேருக்கு வச்சேன்."

"கேட்டிருக்கலாம்ல?"

"அவரா சொல்லுவார்னு இருந்தேன்." புத்தகத்தை மடியில் நேராக வைத்தார். "எட்டு மாசத்துல ஒருநாள்கூட லேட்டாப் போகல மனுஷன். சரியா எட்டரை. கடைசி வரைக்கும் சொல்லவேயில்ல. நீ எழுதறேன்னு கேட்டதும், சரி, உன்கிட்டயாவது சொல்லியிருக்கார்போலன்னு..." என்னைப் பார்த்தார். "சொன்னாரா?"

"இல்ல ஆன்ட்டி. ஜெசிதான்."

"ஓ" என்றார்.

அந்த ஓ-வை எழுத எனக்குத் தெரியவில்லை.

பிறகு கேட்டார்: "எடுத்தது இருக்கா? தூக்கிப் போட்டுட்டியா?"

"போன்ல இருக்கு."

"எனக்கு அனுப்பேன்."

நான் ஜெசியைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, செய்வதற்கு முன் கேட்டேன்: "அனுப்பட்டுமா?"

அவள் குனிந்து தட்டை எடுத்தாள். துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த தட்டு.

"அனுப்பு. அது அம்மாக்கு." பிறகு, "பத்திரிகையில என் பேரை எடுத்துடு."

"நாப்பது குரூப்புக்குப் போயிடுச்சு ஜெசி."

"தெரியும். கையில இருக்கறதுல எடு."

வாசல் வரை வந்தாள். அவ்வளவு அருகில், மூன்று வருடத்துக்குப் பிறகு. கேட்டைத் தாழிடும் சத்தம் கேட்டபோது நான் தெருமுனையில் இருந்தேன்.

ஏழேகால். பட்டினப்பாக்கம் வழியாக அடையாறுக்கு ஆட்டோ, ஐந்தரை கிலோமீட்டர், நூற்று நாற்பது, பேரம் பேசவில்லை. திரு.வி.க. பாலத்தில் நெரிசலில் நின்றபோது பதினான்கு பக்கத்தையும் ஆன்ட்டிக்கு அனுப்பினேன். அந்தக் கதையில் மனைவிக்கு எதுவுமே தெரியாது. அதில்தான் கதையின் துயரம் இருப்பதாக நினைத்து எழுதியிருந்தேன். கீழே ஆறு கறுப்பாக, அசையாமல்.

கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். பத்துப் பிரதி கொடுப்பதாகச் சொன்ன இடத்தில் என்னிடம் ஒன்பதுதான் இருந்தது. வாங்கிக்கொண்டார். சுவரொட்டியை ஒட்டுவதற்கு முன் கேட்டார்: "பேரெல்லாம் ஃபைனல்தானே? மாத்தறதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

சுவரொட்டியில் வெளியிடுபவர் பெயர் மட்டும்தான். ஃபைனல் என்றேன். கிண்டியில் 8.50 ரயில். வீடு.

மறுநாள் காலை ஆன்ட்டியிடமிருந்து குரல் செய்தி, முப்பத்தைந்து நொடி. "நல்லா எழுதியிருக்கேம்மா. அவரேதான். ஆனா அந்தப் பொம்பளைய ஏன் இவ்ளோ மக்கா வச்சிருக்க? புருஷன் எங்க போறார்னு தெரியாதவளா இருப்பா?" பின்னணியில் யாரோ சிரிக்கும் சத்தம். ஜெசியாக இருக்கலாம். பன்னிரண்டு தடவை கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இந்தப் பதிவை ஏற்றுவதற்கு முன் இருவருக்கும் அனுப்பினேன். ஆன்ட்டி கட்டைவிரல் போட்டார். ஜெசி இரண்டு வரியை வெட்டினாள். இங்கே பெயர் வேறாக இருக்க வேண்டும் என்றாள். ஜெசிந்தா அவள் பெயர் இல்லை. கடைசியில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: ஞாயிறு அம்மா வருவாங்க, நான் வரல.

மணி அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமேம்மா" என்றார். காணொளி போடும் தம்பி முதல் பிரதி பெற்றுக்கொள்கிறான். நல்ல பையன். பதினோராம் கதை பிடித்தது என்று சொன்னான்.

அந்தக் கதையை இரண்டாம் பதிப்பில் சேர்ப்பீர்களா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியாது. அதைத் திருத்தி எழுத ஆரம்பித்தேன். கணவன் எட்டரைக்குக் கிளம்புகிறான். மனைவி இரண்டு பேருக்குச் சோறு வைக்கிறாள். அதற்கு மேல் போகவில்லை. போனால், முதலில் சாந்தோமுக்குப் போய்க் கேட்க வேண்டும்.

இதே சுற்றுக்குத் திட்டமிடுபவர்களுக்குச் சில விஷயங்கள். மொத்தச் செலவு, அரங்க வாடகை நீங்கலாக, ஐந்நூறுக்குள். சிந்தாதிரிப்பேட்டையை ஒன்பது மணிக்குள் தொடங்கினால் தி. நகர் நெரிசலுக்கு முன் தப்பிக்கலாம். நொச்சிக்குப்பத்துக்குக் காலை ஏழு அல்லது மாலை ஐந்து. புத்தகக் கடைகளை நாளின் முதல் பாதியில் வையுங்கள். மின் அழைப்பிதழ் எந்தத் தேதியில் போகும் என்பதைப் பதிப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். யார் பெயரைப் போடுகிறீர்களோ அவரிடம் மெய்ப்புக்கு முன் கேளுங்கள். அவர் நீங்கள் மிகவும் விரும்பும் ஒருவராக இருந்தால் இன்னும் முன்பே.

கேட்காமல் அச்சடித்துவிட்டால்: வெள்ளை ஒட்டுத்தாள் தாள்கடையில் கிடைக்கும், பெயர் வரியின் அகலத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். ஒரே அடுக்கில் புதிய பெயரை ஒட்டினால் பழைய பெயர் அடியில் தெரிகிறது. இரண்டும் கலந்து எதையும் படிக்க முடிவதில்லை. முதலில் வெற்றுத்தாள் ஒன்று, அதன்மேல் புதிய பெயர். நேற்று மாலை உட்கார்ந்து மீதி இருநூற்றுத் தொண்ணூற்றைந்து அழைப்பிதழையும் அப்படித்தான் ஒட்டினேன். இப்போது வெளிச்சத்தில் பிடித்தாலும் தெரியாது. விரலால் தடவினால் அந்த இடத்தில் மட்டும் ஒரு மேடு இருக்கும். அதற்கு வழியில்லை.